வளராத குட்டி

அம்சவல்லி கல்யாணமாகி உப்பளத்துக்கு வந்த வருஷம், மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டாள். ஆடி முடிவதற்குள் அது பட்டுப்போனது. மறு வருஷம் கொய்யா வைத்தாள். அதுவும் போனது. அதற்கடுத்து ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியை அதற்கே ஊற்றினாள். கொம்பு தளிர் விட்டது. அந்த வாரம் யாரிடம் எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சை முருங்கையில்தான் கொண்டுபோய் முடித்தாள். அப்புறம் கடல் காற்று ஒரு நாள் உப்பை வாரி இறைத்ததில், தளிரெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது.

"உப்பு வெளையிற மண்ணுல வேற இன்னா வெளையும்?" என்றார் புருஷன் தெய்வசிகாமணி. அவர் குத்திக்காட்டுகிற மனுஷர் இல்லை. கண்டதைச் சொன்னார். தரைக்கடியில் இருக்கும் உப்புநீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடும் மோட்டாரை ஓட்டுவதும், விளைந்த உப்பு விற்றுப்போகும் வரை காவல் இருப்பதும் அவர் வேலை. அதற்காக முதலாளி கொடுத்த இடம்தான் அந்தக் கொட்டாய். ஒரே அறை, மேலே தகரம். ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் குடும்பம். வாசலில் நின்றால் பாத்தி, வரப்பு, அதைத் தாண்டி மறுபடி பாத்தி. உப்புக் குவியலைவிட உயரமாக எதுவும் கண்ணில் படாது. மரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கால்வாயைத் தாண்டிப் போக வேண்டும்.

மரம் நடுவதை அவள் விட்டுவிட்டாள். தன் கை பட்டது ஒன்று கண்ணெதிரே ஓங்கி வளர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தை மட்டும் விட முடியவில்லை.

அப்படி ஒருவன் வளரத்தான் செய்தான். மகன் சதீஷ். அந்தக் கொட்டாயில், மோட்டார் சத்தத்துக்கு நடுவே படித்து, திண்டிவனம் போய் பி.எஸ்சி. முடித்தான். அளத்தில் கூலி வேலை பார்க்கும் குடும்பங்களில் அவன்தான் முதல் பட்டதாரி. போலீஸ் வேலைக்கு எழுதிப் பாஸ் ஆனான். உயரம் அளக்கிற பலகைக்குக் கீழே போய் நின்றபோது ஒரு விரற்கடை குறைந்தது. அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான், சாப்பிட்டான், படுத்தான். அவளால்தான் சாப்பிட முடியவில்லை. தெருக் குழாய் தூரம் என்று, அவன் குழந்தையாக இருந்தபோது கொட்டாய்ப் பக்கத்துக் கிணற்றின் உப்புக் கரிக்கும் சப்புத் தண்ணீரையே காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். அதுதான் பையனைக் குறுக்கிவிட்டது என்பது அவள் முடிவு. அவன் எவ்வளவு சொல்லியும் அவள் மாறவில்லை. கடைசியில் அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில் வேலைக்குப் போனான். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் கோடுகளுக்கு நேரே ஒரு மிஷினைக் காட்டிச் சத்தம் வரவைக்கிற வேலை. அதற்கு எதற்கு டிகிரி என்று அவனே கேட்பான்.

அவன் வேலைக்குப் போன அந்த வருஷம் புரட்டாசியில்தான் குட்டி வந்தது.

மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களைப் பனையோலையால் வேய்ந்து மூடுவது அளத்து வழக்கம். ஓலை கிளியனூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டரில் வரும். ஏதோ ஒரு தோப்போரம் வெட்டி அடுக்கி, வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த ஓலை. அன்று பெண்கள் இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, கொளஞ்சியம்மாள் கையில் எடுத்த கட்டைத் தொப்பென்று கீழே போட்டாள். எலி என்று நினைத்துவிட்டாள். குனிந்து பார்த்தால் ஒரு பூனைக்குட்டி. கைக்குள் அடங்குகிற அளவு. கண் அப்போதுதான் திறந்திருந்தது. டிராக்டர் போய்விட்டது. தாய் தேடி வந்தாலும் காலியான தோப்போரத்துக்குத்தான் வரும், இங்கே வராது.

சாம்பலும் பழுப்பும் கலந்த மேனி. முதுகு நெடுக வரிசை வரிசையாகச் செம்பழுப்புப் புள்ளிகள். நெற்றியில் கோடுகள். கண்ணை ஒட்டி இரண்டு பக்கமும் வெள்ளைக் கீற்று.

"இது இன்னாடி, பொறக்கும்போதே துரு ஏறிப் பொறந்துகீது?" என்றாள் கொளஞ்சியம்மாள். அளத்தில் துரு ஏறாத இரும்பே கிடையாது என்பதால் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அம்சவல்லி அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பேர் எதுவும் வைக்கவில்லை. இப்போதைக்குக் குட்டி, வளர்ந்ததும் வைக்கலாம் என்று இருந்தாள்.

ஆட்டுப்பாலில் துணியை நனைத்து ஊட்டினாள். பிழைத்துக்கொண்டது. சில மாதம் மளமளவென்று வளர்ந்தது. வீட்டுப் பூனையில் பாதி அளவு வந்ததும் நின்றுவிட்டது. அவளும் பொறுத்துப் பார்த்தாள். பொங்கல் போனது, சித்திரை போனது, அடுத்த புரட்டாசியும் வந்தது. குட்டி குட்டியாகவே இருந்தது. காது வட்டமாய்ச் சின்னது, முகம் சின்னது, கண் மட்டும் அந்த முகத்துக்கு அடங்காமல் பெரிசு.

அவளுக்குக் காரணம் தெரிந்ததுதான். சப்புத் தண்ணீர். மகன் விஷயத்தில் செய்த தப்பை இதற்கும் செய்துவிட்டோமே என்று, தினமும் விடிகாலையில் வரப்பு வழியே நடந்து தெருக் குழாய்க்குப் போய், குடத்தோடு ஒரு செம்பும் கொண்டுவர ஆரம்பித்தாள். செம்புத் தண்ணீர் குட்டிக்கு மட்டும். தெய்வசிகாமணி தாகம் என்று ஒரு நாள் அதில் வாய் வைத்துவிட்டு, பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொரு கவலையும் இருந்தது. குட்டியின் பாதங்களுக்கு அடியில் கன்னங்கரேல் என்று இருக்கும். உப்புநீரில் நின்று நின்று தன் கால் வெடித்துப்போன மாதிரி, அதன் காலும் உப்பில் வெந்துபோய்விட்டது என்று அவள் நினைத்தாள். வேலை முடிந்து வந்து, கால் கழுவி, தனக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளும்போது, தூங்கும் குட்டியின் பாதத்திலும் ஒரு விரல் தொட்டு வைப்பாள். அது விழித்துக்கொண்டால் சீறும். எண்ணெய் வைத்த பாதத்தை அரை மணி நேரம் நக்கும். கறுப்பு போகவில்லை.

கொஞ்ச நாளில் அது தொடவிடுவதையும் நிறுத்திவிட்டது. பகலெல்லாம் தகரத்துக்குக் கீழே குறுக்குக் கட்டையில், இருட்டில் படுத்துக் கிடக்கும். உச்சி வெயிலில் உப்பு பளீரென்று அடிக்கும்போது வாசல் பக்கமே வராது. பொழுது சாய்ந்ததும் இறங்கும். மூங்கில் தூணில் ஏறி இறங்கும், கொடியில் காயும் சட்டை மேல் நடக்கும். பிறகு ஓலை வேய்ந்த குவியல்களின் மேல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகும். மீன் தலை போட்டால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். எலியையும் ஓணானையும் தானே பிடித்துத் தின்னும். மோட்டார் ஒயரைக் கடிக்கும் எலி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சதீஷ் போனில் கேட்பான். "இன்னாம்மா, உன் சின்னவன் வளந்தானா?"

"எங்கடா. அப்படியேதான் இருக்குது."

"அதையும் போலீசு செலக்‌ஷனுக்கு அனுப்பு. நான் வெளிய நிக்கும்போது துணைக்கு நிக்கும்."

அவன் சிரிப்பான். அவள் பேச்சை மாற்றுவாள்.

ஆனாலும் குட்டி மேல் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. கயிறு போட்டதில்லை, கதவைச் சாத்தியதில்லை. சுற்றிலும் திறந்து கிடக்கிற வெளி. போக வேண்டும் என்றால் எப்போதோ போயிருக்கலாம். போகவில்லை. கடைசிக் குவியலின் விளிம்பு வரை போகும், திரும்பி வந்துவிடும். மடியில் வந்து படுக்க வேண்டும் என்று அவள் ஏங்காத நாளில்லை. அது வரவே இல்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. மகன் போய்விட்டான், மரம் எதுவும் நிற்கவில்லை. இது மட்டும் தானாக இருக்கிறது. அவளுக்கு அது போதுமாக இருந்தது, அல்லது போதும் என்று சொல்லிக்கொண்டாள்.

பங்குனியில் ஊருக்குள் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் போட்டார்கள். அம்சவல்லி, தூங்கிக் கிடந்த குட்டி மேல் கோணியைப் போட்டுப் பிடித்து, ஒரு கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி எடுத்துப் போனாள். மாடும் ஆடுமாக நின்ற வரிசையில் அவளைப் பார்த்துக் கேலி பேசாதவர்கள் இல்லை. எத்தனை லிட்டர் கறக்குது என்று ஒருவர் கேட்டார். அவள் காதில் வாங்காமல் நின்றாள். கால்நடை டாக்டர் ஆரோக்கியசெல்வி சின்ன வயசுப் பெண். அவளிடம் அம்சவல்லி கூடையை நீட்டி, "வளரவே மாட்டேங்குது டாக்டரம்மா. டானிக்கு எதனா எழுதிக் குடுங்க" என்றாள்.

டாக்டர் மேல் கூடையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, கூட்டத்திலிருந்து தள்ளி, பக்கத்திலிருந்த ஓர் அறைக்குள் கொண்டுபோனாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் வெளியே எடுத்தாள். பல்லைப் பார்த்தாள். வயிற்றைத் திருப்பிப் பார்த்தாள், வெள்ளையில் பெரிய பெரிய கரும்புள்ளிகள். வாலைப் பார்த்தாள், அதில் ஒரு புள்ளிகூட இல்லை. பைக்குள் விட்டு எடை போட்டாள். கடையில் விற்கிற உப்புப் பாக்கெட்டைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்தது.

"அம்மா, இது குட்டி இல்ல," என்றாள். "முழுசா வளந்துடுச்சி. இதோட அளவே இதுதான்."

அம்சவல்லிக்குப் புரியவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னாள். இது வீட்டுப் பூனையே இல்லை, காட்டில் இருப்பது. துரும்பன் பூனை என்று பேர். உலகத்தில் இருக்கிற காட்டுப் பூனைகளிலேயே மிகச் சின்ன இனங்களில் இது ஒன்று. சருகும் நிழலும் கலந்து கிடக்கிற தரையில் இந்தப் புள்ளிகள் அதை மறைத்துவிடும். இருட்டில் வேட்டையாடுவதற்குத்தான் இவ்வளவு பெரிய கண். பெரிய மிருகம் ஏற முடியாத மெல்லிய கிளைக்கும் இது போகும், உடம்பு சின்னதாக இருப்பது அதற்கு வசதி. பாதம் பிறக்கும்போதே கறுப்புதான், எதுவும் வேகவில்லை.

அம்சவல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டாள். "அப்போ உப்புத் தண்ணியால இல்லியா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நல்லாத்தான் வளத்திருக்கீங்க."

இத்தனை நாளும் குறையோடு இருக்கிறது என்று எதைப் பார்த்துப் பார்த்து வருந்தினாளோ, அது குறை எதுவும் இல்லாமல் முழுசாக அவள் எதிரிலேயே நடமாடியிருக்கிறது. வெளியே போய், எத்தனை லிட்டர் என்று கேட்டவரிடம் சொல்ல வேண்டும், சதீஷிடம் சொல்ல வேண்டும் என்று மனசு பரபரத்தது. டாக்டர் இன்னும் முடிக்கவில்லை. காட்டு உயிரை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும், நீங்களே சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது என்றாள். நம்பர் கொடுத்தாள்.

"நான் இன்னா கட்டியா வெச்சிருக்கேன்?" என்றாள் அம்சவல்லி. "தானா இருக்குதும்மா. போவணும்னா போயிருக்கும்ல?"

"கொட்டாயைச் சுத்தி மரம் இருக்குதா?"

"அளத்துல ஏது மரம்?"

"புதர்?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"மேல பருந்து, கீழ நாயி. ஒளியறதுக்கு ஒரு செடி இல்லாத வெட்டவெளியை இது எப்படிம்மா தாண்டும்? போவ வழி இல்லாம இருக்குது."

அன்று மாலை அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். வழக்கம்போல அது குவியல் குவியலாகத் தாவிப் போய், கடைசி ஓலையின் விளிம்பில் நின்றது. அந்த வெள்ளை வெளியில், அவ்வளவு தூரத்திலிருந்தும் அது பளிச்சென்று தெரிந்தது, சலவை வேட்டியில் பட்ட கறை மாதிரி. முன்னங்காலைக் கீழே இருந்த வரப்பில் வைத்தது. எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டது. மேற்கே, மரம் இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்தது. இதை அவள் தினமும்தான் பார்த்திருக்கிறாள். காவல் காக்கிறது என்று நினைத்திருந்தாள்.

சதீஷுக்குப் போன் போட்டு, குட்டி வளர்ந்துதான் இருக்கிறதாம், உப்புத் தண்ணீரால் இல்லையாம் என்று சொன்னாள். அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றான் அவன். குரலில் கேலி இல்லை.

தெய்வசிகாமணிக்கு விடுவதில் இஷ்டம் இல்லை. எலித் தொல்லை தீர்ந்திருந்தது, அதோடு அவருக்கும் அது பழகிவிட்டது. நீயாகச் சொல்லாதே, இந்த அளத்துக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். உண்மைதான். யாரும் வர மாட்டார்கள். அவள் சில நாள் சும்மா இருந்துவிட்டாள். பாத்தியில் பலகை பிடித்து உப்பை வாரும்போதும் அந்த ஒரே கேள்விதான். அது என்னை நம்பி இருந்ததா, போக வழியில்லாமல் இருந்ததா? இங்கேயே உட்கார்ந்துகொண்டு எத்தனை வருஷம் யோசித்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது என்று மெல்லப் புரிந்தது. போக ஓர் இடத்தைக் காட்டி, அதற்கப்புறமும் அது நின்றால், அப்போது தெரியும். அந்த ஆசை ஒரு மூலையில் இருந்ததால்தான் அவளால் அந்த நம்பருக்குப் போன் போட முடிந்தது.

வனக்காவலர் பஞ்சநாதன் ஜீப்பில் கூண்டோடு வந்தார். டாக்டரும் கூட வந்திருந்தாள். தானே வேட்டையாடித் தின்கிறது, தொடவிடுவதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படியென்றால் பிழைத்துக்கொள்ளும் என்றாள். ஓலை வந்த அதே கிளியனூர்ப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி ஒரு காட்டுத்துண்டு இருக்கிறது, அங்கே விடலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். குறுக்குக் கட்டையில் படுத்திருந்த குட்டியை வலை போட்டுப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். அம்சவல்லி வேலை செய்த சேலையோடு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். கூண்டை நான்தான் திறப்பேன் என்று மட்டும் சொன்னாள். பஞ்சநாதன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் சருகு நொறுங்கியது. மரங்கள் நெருக்கமாக, கொடி சுற்றி, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டமாதிரி நின்றன. இலைகளுக்கிடையே விழுந்த வெளிச்சம் தரையெல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. கூண்டை ஒரு வேருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மற்ற இருவரும் பின்னால் தள்ளிப் போனார்கள். அவள் குனிந்து கதவைத் தூக்கிவிட்டாள்.

அது வரவில்லை.

உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மீசை மட்டும் அசைந்தது. அவள் கூண்டுக் கதவைப் பிடித்தபடியே நின்றாள். வேண்டாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறது, கதவை மூடிவிடலாம், டாக்டரம்மாவிடம் நீங்களே பாருங்கள் என்று சொல்லலாம். வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஒரு கால் வெளியே வந்தது. சருகைத் தொட்டது. அந்தக் கால் திரும்ப உள்ளே போகவில்லை.

மூன்றடி நடந்து நின்றதும் அதைக் காணவில்லை. அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அங்கே சருகும் வெளிச்சமும் மட்டும்தான் இருந்தன. அசைந்தபோது பூனை தெரிந்தது. நின்றதும் மறைந்துவிட்டது. முதுகில் இருந்த ஒவ்வொரு துருப் புள்ளியும் ஒரு காய்ந்த இலையாகப் போய்விட்டது. இத்தனை நாள் அவள் பார்த்தது அதில் பாதியைத்தான் என்று தோன்றியது. பிறகு அது ஒரு மரத்தடிக்குப் போனது. பட்டையில் நகத்தைப் பதித்தது. அடுத்த கணம் ஏறத் தொடங்கியது. மூங்கில் தூணில் ஏறுகிற ஏற்றம் இல்லை இது. நிற்கவில்லை, யோசிக்கவில்லை. தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிற மாதிரி போனது. கவட்டையைத் தாண்டி, கிளைக்கு மாறி, கிளையிலிருந்து அதைவிட மெல்லிய கிளைக்குப் போனது. இலைகள் அதை மூடிக்கொண்டன.

அவள் அண்ணாந்தபடியே நின்றாள். கழுத்து வலித்தது. இலை அசையும் இடமெல்லாம் பார்த்தாள். காற்றிலும் இலை அசைந்ததால் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. பஞ்சநாதன் பக்கத்தில் வந்து, "போலாம்மா. இனிமே எறங்காது" என்றார். இன்னும் கொஞ்சம், என்றாள். அவர் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் அவளுக்கு இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது சதீஷ் கூப்பிட்டான்.

"உட்டுட்டு வந்துட்டியா?"

"ம்."

"திரும்பிப் பாத்துச்சாம்மா?"

அவள் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள். பார்த்தது என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல.

"மரம் ஏறுச்சுடா," என்றாள். "நீ பாத்திருக்கணும். இத்துனூண்டு கெளை. அது மேல நடந்து போவுது, கெளை ஆடக்கூட இல்ல."

போனில், சதீஷுக்குப் பின்னால் யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

"இன்னா மரம்மா?" என்றான்.

"தெரியலடா. பெருசு."